லோடு: எழுபத்தொன்று

“நீ ஏறி உட்கார்ந்தா பைக்கும் சேர்ந்து உட்கார்ந்துடுது, லோகா. ஹெட்லைட் ரோட்டைப் பார்க்க மாட்டேங்குது. எதிர் வீட்டு மாடியைப் பார்க்குது.”

ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. என் கணவர் பரமேஸ்வரன் இப்படியேதான் சொன்னார். வீட்டுக்குள் சொல்லியிருந்தால் பாத்திரங்களால் பதில் சொல்லியிருப்பேன். வாசலில் வைத்துச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, எங்கள் குடியிருப்பான தாமான் முழுக்க விழித்திருக்கும் நேரத்தில். எதிர் வீட்டு மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த பவுனம்மாள் அக்கா, ஒரே சட்டையை மூன்று முறை உதறினார். அவருக்கு அக்கறை இருக்காதா? சம்பந்தப்பட்டது அவருடைய மாடி.

நான் ஹெல்மெட்டை மாட்டி, கைப்பையைக் குறுக்கே போட்டு, பிரிக்பீல்ட்ஸ் கிளம்பத் தயாராகப் பின் சீட்டில் இருந்தேன். இறங்கவில்லை. இறங்கினால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

“எனக்கு முன்னாடி யாரு ஏறினது?”

“நான்.”

“நீங்க ஏறினப்போ பைக் எழுந்து நின்னுச்சா?”

“அது ரைடர் வெயிட், லோகா. அது வேற. நீ லோடு.”

லோடு. கிள்ளானில் பதினோரு வருஷம் கான்வென்ட்டில் படித்தவள் நான். சிஸ்டர் மார்க்கிரட்டின் பிரம்புக்குப் பயப்படாத பெண் அந்தப் பள்ளியில் கிடையாது. அந்த சிஸ்டர் கூட, பிரம்பை ஓங்கிய கையோடு, “லோகேஸ்வரி” என்று முழுப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். லோடு என்று சொன்னதில்லை. அதற்கு ஒரு தாலி கட்டியவர் தேவைப்பட்டார்.

அந்தப் பின் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். எங்களிடம் ஒரு கார் இருந்தது. அம்பாங்கில் இருக்கும் மகள் மாதவி, “ஒரு வாரத்துக்கு மட்டும் லா, அம்மா” என்று எடுத்துப் போனாள். இரண்டு வருஷம் ஆகிறது. ஆகவே வாரத்தில் ஆறு நாள் எனக்குக் கிள்ளான், சமையலறை, துணி துவைக்கும் மெஷின். ஏழாவது நாள் அந்தப் பின் சீட். பிரிக்பீல்ட்ஸில் கோயில், சுடச்சுட இரண்டு வடை, அக்கா ராஜினியின் வீட்டில் மதியம் வரை வம்பு. மொத்தம் ஐந்து மணி நேரம். என் வாரத்தில் எனக்கென்று இருப்பது அவ்வளவுதான். அது ஒன்றரை அடி நீள மெத்தைத் துண்டின் மேல் இருக்கிறது.

பைக் புதிது. அதாவது எங்களுக்குப் புதிது. நானூறு சிசி, பழைய பாணி மாடல், பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு அப்சார்பர், அவற்றைச் சுற்றி வெளியே தெரிகிற மாதிரி தடித்த ஸ்பிரிங். வாங்கிய நாளிலிருந்து ஐம்பத்தாறு வயது மனிதர் போனில் வெள்ளைக்காரர்கள் பேசும் பைக் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார். சாம்பாரில் உப்பில்லாவிட்டாலும் தெரிவதில்லை. ஸ்பிரிங்கில் ஒரு நூல் அளவு ஏறி இறங்கினால் தெரிகிறதாம்.

அன்று பிரிக்பீல்ட்ஸிலிருந்து திரும்பியதும் அளவெடுப்பு நடந்தது. குளியலறையில் இருக்கும் எடை மெஷினைக் கார் நிற்காத கார் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். முதலில் அவர் ஏறினார். ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு. எழுபத்தெட்டு. அடுத்து நான். தூணைப் பிடிக்கக் கூடாதாம். ஹெல்மெட், கைப்பை, செருப்பு எல்லாவற்றோடும் நிற்க வேண்டுமாம். ரோட்டில் ஏறும் எடைதான் உண்மையான எடையாம். எழுபத்தொன்று. டைரியில் எழுதிக்கொண்டார். நான் எட்டிப் பார்த்தேன். ‘ரைடர் 78. லோடு 71.’

பிறகு என் தையல் டேப்பை எடுத்து வந்தார். பைக்கில் ஆள் ஏறினால் பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டுமாம். நாங்கள் இருவரும் ஏறிவிட்டால் யார் அளப்பது? கூப்பிடாமலே பவுனம்மாள் அக்கா வந்து சேர்ந்தார். முட்டி போட்டு உட்கார்ந்து டேப்பைப் பிடித்தார். என் கணவர் ஏறியதும் இரண்டு அங்குலம். நானும் ஏறியதும் மூன்று.

“அப்படின்னா என் பங்கு ஒரு அங்குலம்தான்” என்றேன். “ரெண்டு உங்களுது.”

“அந்த ஒண்ணுதான் லோகா பிரச்சனை.”

பவுனம்மாள் அக்கா டேப்பைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். அந்தக் குடும்பத்துக்கு அன்றைக்கு மத்தியானம் பேச்சுக்குக் குறை இருந்திருக்காது.

பிரச்சனைக்குத் தீர்வும் என் கணவரிடமே இருந்தது. அந்த ஸ்பிரிங்கின் அடியில் ஒரு வளையம். அதில் படிக்கட்டு மாதிரி ஐந்து படி. கொக்கி போட்ட ஒரு ஸ்பானரால் வளையத்தைத் திருப்பினால் ஸ்பிரிங் ஒவ்வொரு படியாக இறுகும். முதல் படியில் மெத்து மெத்தென்று இருக்கும். ஐந்தாம் படியில் இரும்பு. எந்தப் படி எது என்று வளையத்தில் எழுதியிருக்கவில்லை. ஆகவே ஆபீசிலிருந்து ஒரு வெள்ளைத் திருத்த மை பேனாவைக் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் 1, 2, 3, 4, 5 என்று எழுதினார். பெரிய விஞ்ஞானி.

“இனிமே நான் தனியா வேலைக்குப் போறப்போ ஒண்ணு. ஞாயித்துக்கிழமை உன்னை ஏத்தினா அஞ்சு. உன் பாதுகாப்புக்காகத்தான் சொல்றேன்.”

பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நான் உஷாராகியிருக்க வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் பயன்படுத்தியது இரண்டே தடவை. முதல் தடவை, என் அம்மா ஒரு மாதம் தங்க வருவதாகச் சொன்னபோது, எங்கள் மாடிப்படி வயதானவர்களுக்குப் பாதுகாப்பில்லை என்றார்.

அடுத்த ஞாயிறு ஐந்தில் வைத்து ஏற்றினார். பெடரல் ஹைவேயில் மோட்டார் சைக்கிளுக்கென்று ஒரு தனிப் பாதை இருக்கிறது. அதில் போனவர்களுக்குத் தெரியும், அங்கே மரத்தின் வேர்கள் தார் ரோட்டுக்கு அடியில் குடித்தனம் நடத்துகின்றன. ஒவ்வொரு வேரும் தனித்தனியாக என் முதுகெலும்பில் வந்து கையெழுத்துப் போட்டது. ஷா ஆலம் வருவதற்குள் என் ஹெல்மெட் அவர் ஹெல்மெட்டை ஒன்பது முறை முட்டியது. பிரிக்பீல்ட்ஸில் இறங்கியபோது கோயில் வாசலில் என்னால் குனிந்து செருப்பைக் கழற்ற முடியவில்லை. காலாலேயே உதறினேன். வடையை நின்றுகொண்டு சாப்பிட்டேன். ராஜினி அக்கா, “ஏன் உட்கார மாட்டேங்கிற, கோபமா?” என்று கேட்டாள்.

அதற்கடுத்த ஞாயிறும் அதே கதை. வீடு திரும்பியதும் அவர் முகத்தில் ஒரு கனிவு தெரிந்தது. எனக்கு வெந்நீர்ப் பை நிரப்பிக் கொடுத்தார். என் வீட்டில் வெந்நீர் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே அறியாத மனிதர்.

“உனக்கு ஏன் இந்தக் கஷ்டம், லோகா? கொம்யூட்டர் ரயில் இருக்கு. கிள்ளான்ல ஏறினா நேரா அங்கேயே இறங்கலாம். ஏர்கான் வேற.”

“நீங்களும் ரயில்ல வருவீங்களா?”

“நான் எதுக்கு? எனக்கு பைக் இருக்கே.”

உண்மையைச் சொல்கிறேன், நான் கிட்டத்தட்ட தலையாட்டிவிட்டேன். இடுப்பு அப்படி இருந்தது. மூன்றாவது ஞாயிறோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். அதற்கு முதல் நாள், சனிக்கிழமை, துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் ஒரு சாக்ஸ் விழுந்துவிட்டது. அதை எடுக்கக் கையை விட்டேன். கையில் சாக்ஸ் வரவில்லை. ஒரு பெரிய கறுப்புப் பெட்டி தட்டுப்பட்டது.

பைக்கின் பின்னால் மாட்டுகிற பிளாஸ்டிக் பெட்டி. புத்தம் புதுசு. அதனுடைய ஸ்டாண்டும் இருந்தது. ஸ்டாண்டைக் கையில் வைத்துக்கொண்டு மெல்ல யோசித்தேன். பின் சீட்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மாட்டுகிற மாதிரியான ஸ்டாண்ட்.

சமையலறையில் கிள்ளான் பைக் பட்டறைக்காரர் ஜெயராஜ் கொடுத்த காலண்டர் தொங்குகிறது. அதில் போன் நம்பர் இருக்கிறது. அடித்தேன்.

“அக்கா, எப்படி இருக்கீங்க? பெட்டி நல்லாருக்கா? அண்ணன் சொல்லிட்டாரு, நீங்களே பைக் வேணாம்னுட்டீங்களாமே. இடுப்பு வலியாம். பாவம் லா.”

“எப்போ சொன்னார், தம்பி?”

“அது இருக்கும், ஒன்றரை மாசம்.”

“எனக்கு இடுப்பு வலிக்க ஆரம்பிச்சே பதிமூணு நாள்தான் ஆச்சு.”

ஜெயராஜ் நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியாத மனிதர். நான் இரண்டு கேள்வி கேட்டதும் எல்லாம் வந்துவிட்டது. கமலநாதன் என்று ஒருவர், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பத்து ஆண்களைச் சேர்த்துக்கொண்டு மாதத்தில் ஒரு ஞாயிறு பைக்கில் ஊர் சுற்றுகிறார். மனைவிமார் வரக் கூடாது. புதிதாகச் சேர்கிறவர் பெட்டி மாட்டி, எல்லாருடைய சாமானையும் தூக்கி வர வேண்டும். என் கணவர் சேர்ந்தாயிற்று. ஒரே ஒரு இடைஞ்சல், பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் நான் இருந்தேன்.

எந்த பைக்கானாலும் இருபத்தாறு வருஷம் நான் உட்கார்ந்த இடம். ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்கு. வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் கூட இல்லை. என்னையே சொல்ல வைக்க ஒரு ஸ்பிரிங்கை இறுக்கியிருக்கிறார்.

“தம்பி, எனக்கு ஒரு பாடம் எடுங்க” என்றேன். “அந்த ஒண்ணு, அஞ்சு. எனக்குப் புரியிற மாதிரி.”

“ஒண்ணு லெம்புட், அக்கா. பஞ்சு மாதிரி. அஞ்சு கெராஸ். கல்லு மாதிரி. தனியா போனா ரெண்டு போதும். ஆள் ஏத்தினா மூணு, நாலு. ஆளு, பெட்டி, சாமான் எல்லாம் ஏத்தினாதான் அஞ்சு.”

“தனியா போறப்போ அஞ்சுல வச்சா?”

“எலும்பு கழண்டுடும்.”

“ரெண்டு பேர் போறப்போ ஒண்ணுல வச்சா? ஆபத்தா?”

“மெதுவா போனா ஒண்ணும் ஆகாது. மெத்தையில போற மாதிரி இருக்கும். வளைவுல கொஞ்சம் ஆடும். பெரிய குழின்னா அடியில தட்டும். ஆனா அதுக்கு மேல லோடு ஏத்திடாதீங்க, அக்கா. ஏன் கேக்குறீங்க?”

“சும்மா, பொது அறிவு.”

ஞாயிறு. மூன்றாவது தடவையாக ஐந்தில் போய் வந்தோம். நான் முனகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன். திரும்பியதும் கோழிக் குழம்பு வைத்தேன். சோறு அவருக்கு ஒரு கரண்டி அதிகமாகப் போட்டேன். இரண்டு மணிக்கு மனிதர் மல்லாந்து படுத்தார். குறட்டை சீரானதும் நகப்பூச்சு அழிக்கும் மருந்து, பஞ்சு, அவருடைய அதே வெள்ளை மை பேனா மூன்றையும் எடுத்துக்கொண்டு பைக்குக்குப் பக்கத்தில் போய் முட்டி போட்டேன்.

எழுத்துக்குச் சிஸ்டர் மார்க்கிரட்டிடம் கைவிரல் சிவக்க அடி வாங்கியவள் நான். என் கணவர் எழுதிய ஒன்றுக்குத் தலையில் ஒரு சின்னத் தொப்பி இருக்கும். ஐந்தின் வயிறு அவர் வயிறு மாதிரியே முன்னால் தள்ளியிருக்கும். அச்சு அசலாக எழுதினேன். ஒன்றை ஐந்தாக்கினேன், ஐந்தை ஒன்றாக்கினேன். இரண்டும் நாலும் இடம் மாறின. மூன்றை மட்டும் தொடவில்லை. நேர்மைக்கும் ஓர் இடம் இருக்கட்டும்.

நிமிர்ந்தபோது எதிர் மாடியில் பவுனம்மாள் அக்கா. காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். பஞ்சைப் பார்த்தார். பிறகு உலகத்திலேயே சுவாரசியமான பொருள் துணி மாட்டும் கிளிப்தான் என்பது மாதிரி அதையே பார்த்தார். பெண்ணுக்குப் பெண் வேறென்ன செய்ய முடியும்?

திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது என் கணவர் கொக்கி ஸ்பானரோடு குனிந்தார். ஐந்திலிருந்து ஒன்றுக்கு மாற்ற வேண்டும். பார்த்தால் ஏற்கெனவே ஒன்றில் இருந்தது. “நேத்தே மாத்திட்டேன் போல” என்று சொல்லிக்கொண்டு நிமிர்ந்தார். தன் ஞாபக சக்தியைப் பற்றி அவருக்கே ஒரு மரியாதை வந்த மாதிரி முகம். பெட்டாலிங் ஜெயா ஆபீஸ் வரைக்கும் அந்த முகத்தோடு போக முடிந்திருக்காது.

மாலையில் வந்தார். பைக்கை நிறுத்தினார். இறங்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு ஒவ்வொரு காலாக இறக்கினார்.

“ரோடு ரொம்ப மோசமா போச்சு, லோகா.”

“நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?”

அந்த வாரம் அவர் கண்டுபிடித்த காரணங்களை எழுதினால் டைரி போதாது. திங்கள், ரோடு. செவ்வாய், டயரில் காற்று அதிகம். புதன், காற்று குறைவு. வியாழன், சீட்டுக்குள்ளே இருக்கும் பஞ்சு. வெள்ளி, தன் வயது. இந்தக் கடைசிக் காரணத்தைச் சொன்னபோது அவர் குரல் இறங்கியது. எனக்குக் கூட ஒரு நிமிடம் பாவமாக இருந்தது. பிறகு துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் இருக்கும் பெட்டி ஞாபகம் வந்தது. சரியாகிவிட்டது.

ஞாயிறு காலை எனக்காக வளையத்தை ஐந்துக்குத் திருப்பினார். “இறுக்கிற பக்கம்தான் கஷ்டமா இருக்கணும். லேசா சுத்துதே” என்று முணுமுணுத்தார். எண்ணெய் நன்றாக இறங்கியிருக்கும் என்றேன். ஏறினேன். ஆகா. வேர்களெல்லாம் எங்கே போயின? பெடரல் ஹைவே முழுக்க எனக்குத் தொட்டில் ஆட்டினார்கள். வளைவில் பைக் கொஞ்சம் படகு மாதிரி அசைந்தது. அவர் பயந்து வேகத்தைக் குறைத்தார். அதுவும் எனக்கு நல்லதுதான். ஒரு பெரிய குழியில் மட்டும் அடியில் தட் என்றது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். கடித்த நாக்காலேயே, “எவ்வளவு சுகமா இருக்குங்க” என்றேன்.

“அஞ்சுலயா?” என்றார்.

“பழகிட்டேன் போல. இனிமே ஒவ்வொரு ஞாயிறும் வர்றேன்.”

கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். பூச்சோங்கில் பல வருஷத்துக்கு முன் நடந்த என் தங்கை கல்யாணத்தில், பந்தியில் பாயசம் தீர்ந்துவிட்டது என்று சொன்னபோது பார்த்த முகம்.

இப்படியே ஒன்றரை மாதம். வார நாளில் தனியாக, ‘ஒன்றில்’, கல்லின் மேல். ஞாயிறு என்னோடு, ‘ஐந்தில்’, பஞ்சின் மேல். ஒரே ஒரு தடவை தனியாகப் போகும்போது ஐந்தில் வைத்துப் பார்த்திருந்தால் என் குட்டு உடைந்திருக்கும். செய்யவில்லை. தானே எழுதிய நம்பரைச் சந்தேகப்படுகிற ஆண்மகன் இன்னும் பிறக்கவில்லை.

கமலநாதன் கூட்டத்தோடு ஒரு வெள்ளோட்டமும் போனார். அக்கா வீட்டுக்குப் போகாத ஒரு பொது விடுமுறை நாளில், ஆபீஸ் வேலை என்று என்னிடம் சொல்லிவிட்டு, கோலசிலாங்கூர் வரை. வழியில் மூன்று இடத்தில் நிறுத்தி முதுகை நிமிர்த்தினாராம். பத்துப் பேரும் காத்திருந்தார்களாம். கமலநாதன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் குனிந்து வளையத்தைப் பார்த்திருக்கிறார். “ஒண்ணுலதான் இருக்கு, பாஸ்” என்று சான்றிதழும் கொடுத்திருக்கிறார். எனக்கு இதெல்லாம் ஜெயராஜ் மூலம் தெரியும். அடுத்து கமலநாதன் சொன்ன தீர்ப்புதான் முக்கியம். இந்த பைக் ரெண்டு பேருக்காகச் செய்தது, பின்னால் எடை இருந்தால்தான் ஒழுங்காக ஓடும் என்றாராம்.

மறுநாள் என் பத்துக் கிலோ அரிசிப் பைகள் இரண்டைப் பின் சீட்டில் கட்டிக்கொண்டு தாமானைச் சுற்றி வந்தார். ஒன்றில் வைத்துத்தான். அரிசியெல்லாம் லோடு இல்லை போலிருக்கிறது. இறங்கும்போது இரண்டு கைகளாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஒரு பை கிழிந்து, கார் ஷெட் முழுக்க அரிசி. கூட்டியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார். அவரும் ஒரு வெங்காயத்தை எடுத்தார்.

“லோகா.”

“ம்.”

“அடுத்த ஞாயிறு கூட்டாளிங்களோட பிரேசர் மலைக்கு ஒரு ட்ரிப். உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்.”

“ஓ.”

“நீயும் வாயேன்.”

நான் கத்தியைக் கீழே வைத்தேன். “லோடு எதுக்குங்க உங்களுக்கு?”

“நீ இருந்தாத்தான் பைக் ஒழுங்கா ஓடுது. அரிசி கட்டிக்கூட பார்த்துட்டேன். உன்கிட்ட ஏதோ இருக்கு.”

“எனக்குச் சரியா கேக்கல. வாசல்ல வந்து சொல்றீங்களா?”

வாசலில் வந்து சொன்னார். மாடி விளக்கு எரிந்தது. பவுனம்மாள் அக்காவுக்கும் தெளிவாகக் கேட்டிருக்கும். மனைவிமார் வரக் கூடாது என்ற சட்டத்தைக் கமலநாதனே போன் செய்து எனக்காகத் தளர்த்தினார். என் சீட்டில் நான். பெட்டி, துவைக்கும் மெஷினுக்குப் பின்னால். உலகம் ஒழுங்காகச் சுற்றியது. அத்தோடு இந்தக் கதை முடிந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய்விட்டு வந்தால், என் சீட்டுக்குப் பின்னால் இரும்பில் ஒரு நீட்டல். அதன் மேல் அந்தக் கறுப்புப் பெட்டி. ஜெயராஜின் கைவண்ணம்.

“உனக்கு முதுகு சாஞ்சுக்க, லோகா” என்றார் என் கணவர், பெட்டியைத் தட்டிக்கொடுத்து. “சும்மா காலிப் பெட்டி.”

ஞாயிறு காலை ரவாங்கில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் எல்லாரும் கூடினார்கள். எங்களைத் தவிர பத்து பைக். பத்து ஆண்கள், பத்துத் தொப்பை, ஒருவரிடமும் பெட்டி இல்லை. என் கணவர் ஏற்கெனவே பெருமையடித்திருந்தார் போல, தன் மனைவி ஏறினால் பைக் சோபா மாதிரி ஓடும் என்று. மழைக்கோட்டுகள் வந்தன. கேஸ் அடுப்பு வந்தது. கெட்டில், ஸ்பானர் பை, பன்னிரண்டு பேருக்கு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம். பெட்டி நிரம்பியது. பெட்டிக்கு மேலே ஒரு கூடாரத்தைக் கட்டினார்கள். மீதி இருந்த இரண்டு பெரிய பிளாஸ்கையும் என் மடியில் வைத்தார்கள். யாரோ, “வெயிட் தாங்குமா, பாஸ்?” என்று கேட்டார்.

“அஞ்சுல இருக்கு லா” என்றார் என் கணவர். “யானையே ஏறலாம்.”

நான் கிளம்புமுன் குனிந்து பார்த்தேன். ஐந்து. தள்ளிய வயிற்றோடு, என் கையெழுத்தில். உள்ளே பஞ்சு. “அதுக்கு மேல லோடு ஏத்திடாதீங்க, அக்கா” என்று ஜெயராஜ் சொன்னது ஞாபகம் வந்தது.

கோலகுபு பாருவைத் தாண்டி மலைப்பாதை ஆரம்பித்தது. ஹெட்லைட் எதைப் பார்த்தது என்று எனக்குத் தெரியாது. மலை உச்சியாக இருக்கலாம். ஒவ்வொரு குழியிலும் பைக் அடி வரை போய்த் தட் என்று மோதியது. அந்தத் தட் ஓசை ஸ்பிரிங், சீட் எல்லாவற்றையும் தாண்டி நேராக என்னிடம் வந்தது. கூடவே பெட்டி முதுகில் ஒரு குத்து விட்டது. உள்ளே கெட்டில் சிரித்தது. வளைவுகளில் நாங்கள் ஆடிய ஆட்டத்தில் பின்னால் வந்தவர் பத்தடி தள்ளியே வந்தார். முன்னால் உட்கார்ந்திருந்த மனிதருக்கு ஒரு குறையும் இல்லை. ஒன்றரை மாதம் கல்லின் மேல் உட்கார்ந்தவருக்கு இது பூப்பல்லக்கு.

டீ குடிக்க நிறுத்தினார்கள். நான் இறங்கவில்லை, இறக்கப்பட்டேன். அவரைத் தனியாக அழைத்துச் சொல்லலாம் என்று பார்த்தால் கமலநாதன் கூடவே நின்றார். வேறு வழியில்லை.

“ஏங்க, ஸ்பிரிங்கை ஒண்ணுல வச்சிப் பாருங்களேன்.”

என் கணவர் சிரித்தார். கமலநாதன் சிரித்தார். செய்தி பரவி, டீக் கடையில் இருந்த பத்துப் பேரும் சிரித்தார்கள்.

“இவ்வளவு லோடை ஏத்திக்கிட்டு ஒண்ணுல வைக்கச் சொல்றா, பாஸ்.”

கமலநாதன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வது மாதிரி, ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி எனக்கு விளக்கினார். “ஒன் இஸ் சாஃப்ட், மேடம். ஃபைவ் இஸ் ஹார்ட்.”

எனக்கு. பதினோரு வருஷம் கான்வென்ட்.

உண்மையைச் சொல்லலாம். ஒரு வாக்கியம் போதும். சொன்னால் அடுத்த நிமிடம் நம்பர் சரியாகும், ஸ்பிரிங் சரியாகும், என் இடுப்பு சரியாகும். அடுத்த ஞாயிறு என் சீட் இருக்காது. நான் கொம்யூட்டர் ரயிலில் ஏர்கானில் உட்கார்ந்திருப்பேன், தனியாக. வாயை மூடிக்கொண்டேன். மறுபடி ஏற்றினார்கள். பிளாஸ்கை மடியில் வைத்தார்கள். கமலநாதன், “ஒவ்வொரு மாசமும் மேடம் வரணும், இது ஆர்டர்” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். என் கணவர் முகத்தில் அப்படியொரு பெருமை. இருபத்தாறு வருஷத்தில் என்னைப் பற்றி அவர் பெருமைப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கிளம்பினோம். இன்னும் முப்பது கிலோமீட்டர், எல்லாம் வளைவு. முன்னால் கமலநாதனின் சைலன்சர் மலையையே அதட்டிக்கொண்டு போனது. பின்னால் பெட்டி. தட். நான் அவர் தோளைத் தட்டினேன். ஏதோ செல்லமாகத் தட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு என் கையின் மேல் இரண்டு தட்டுத் தட்டினார். தட். ஹெல்மெட்டோடு ஹெல்மெட்டை ஒட்டி வைத்து, இருக்கும் குரலையெல்லாம் திரட்டிச் சொன்னேன்.

“ஏங்க. ஒண்ணுல வைங்களேன்.”